பழுதுபட்ட மரத்தளம்: ஒட்டுவதா, ஒழிப்பதா?

இல்லமும் கைத்தொழிலும் – மாதப் பகுதி



இத்திங்கள் நம் பகுதிக்கு வந்த கடிதங்களுள் இரண்டு, பல்லாயிரம் கல் இடைவெளியில் இருந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்கின்றன. முதற்கடிதம் இராபர்ட்சன்பேட்டையில் பழைய மாடி வீடொன்றில் வாழும் ஓர் அம்மையார் எழுதியது. அவ்வீட்டின் மாடியறைக்குத் தேக்குப் பலகைத் தளம். சென்ற மழைக்காலத்தில் கூரை ஒழுகிய மூலையில் அவருடைய பேரன் ஓடி விளையாடுகையில், பலகை இற்று, பிள்ளையின் கால் முழங்கால்வரை உள்ளே இறங்கிவிட்டது. தெய்வாதீனமாகச் சிராய்ப்போடு போயிற்று. பார்க்க வந்த கட்டட ஒப்பந்தக்காரர், தளம் முழுவதையும் பெயர்த்தெறிந்து கான்கிரீட்டு இட்டு ஓடு பதித்தாலன்றி வழியில்லை என்று கூறிவிட்டாராம்.

இரண்டாம் கடிதம் கனடா நாட்டு டொராண்டோ நகரிலிருந்து வந்தது. எழுதியவர் மாரிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். சமையலறைக் குழாய் பல நாள் கசிந்ததில் ஓக் மரத்தளத்தின் ஏழெட்டுப் பலகைகள் கறுத்து, ஓரங்கள் தூக்கிக்கொண்டன. அங்கும் ‘முழுவதையும் மாற்றுக’ என்பதே கிடைத்த விடை. கடன்பட்டு வாங்கிய வீடு. கையிலிருப்பதோ ஊரிலுள்ள தாயாரை அழைத்துக்கொள்ளச் சேர்த்து வைத்த பணம். ‘இதைச் செலவிட்டால் அம்மாவின் பயணம் இன்னும் ஓராண்டு தள்ளிப் போகும்; வேறு வழியுண்டா?’ என்று அவர் கேட்கிறார்.

வழியுண்டு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டுவதில்லை. மரத்தளம் என்பது தனித்தனிப் பலகைகளின் சேர்க்கை. ஆதலின் கெட்டது எவ்வளவோ அவ்வளவை மட்டும் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் நல்லதை வைக்க இயலும். ஓட்டுத் தளத்திலும் சிமெண்டுத் தளத்திலும் ஒட்டுப் போட்டால் அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். மரத்திலோ, முறையறிந்து செய்தால், சில ஆண்டுகளுக்குப் பின் செய்தவருக்கே இடம் புலப்படாது. அம்முறையை இயன்றவரை விளக்கமாகக் கூறுதலே இத்திங்களின் பணி.

நமக்கும் மரத்துக்கும் உள்ள உறவு

நம் பூதிகோட்டை கல்லும் மண்ணுமான ஊர். இங்குள்ள வீடுகளில் மரத்தளம் காண்பது அரிது. எனினும் இவ்வூரில் பிறந்த ஹைதர் அலி பெங்களூர்க் கோட்டையில் தொடங்கி, அவர் மகன் திப்பு சுல்தான் 1791-ஆம் ஆண்டில் முடித்த கோடை மாளிகையின் பெரும்பகுதி தேக்கு மரத்தால் ஆனது. அம்மாளிகையைக் காணச் செல்வோர் ஓவியங்களையும் வளைவுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். நாம் குனிந்து தூண்களின் அடியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மரத்தூணும் மண்ணைத் தொடாமல் கற்பீடத்தின்மேல் நிற்கிறது. மண்ணின் ஈரம் மரத்தில் ஏறலாகாது என்பதை அக்காலத் தச்சர் நன்கு அறிந்திருந்தனர். இருநூறாண்டுகளுக்கு மேலாகியும் அத்தூண்கள் நிற்கின்றன.

தங்கச் சுரங்கத்திலும் மரம் பெரும்பணி ஆற்றியது. தரைக்கடியில் பாறை சரிந்து விழாதவாறு முட்டுக் கொடுத்த மரக்கட்டுத் தொழிலாளர் நம்மவருள் பலர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது அவர்களுடைய வேலை முடிந்தது, கைத்திறன் முடிந்துவிடவில்லை. மரத்தைத் தட்டி ஒலிகேட்டு, உள்ளே நலமா, பொள்ளலா என்று கூறும் முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். கீழ்வரும் குறிப்புகளுள் சில, அத்தகைய பெரியவர் ஒருவர் எனக்குக் கூறியவை.

மரத்தின் இயல்பு

பழுது பார்ப்பதற்கு முன் மரத்தின் குணத்தை அறிதல் வேண்டும். மரம் வெட்டுண்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை உண்டும் உமிழ்ந்தும் வாழ்வது. ஈரம் ஏறினால் விரியும், வற்றினால் சுருங்கும். இம்மாற்றம் நீளவாக்கில் இல்லையென்றே கூறலாம், அகலவாக்கில்தான் நிகழும். பச்சை மரம் முற்றும் உலரும்போது தேக்குப் பலகை அகலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்கும். சிவப்பு ஓக் 8 முதல் 9 விழுக்காடு வரை சுருங்கும். தேக்கைத் தச்சர் போற்றுவதற்கு இஃதொரு காரணம். அதன் வைரப்பகுதியில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ச் சத்துகளைக் கறையான் விரும்பாமை மற்றொரு காரணம்.

‘வைரப்பகுதி’ என்பதை ஊன்றிக் கவனிக்க. மரத்தின் நடுவிலுள்ள முதிர்ந்த பகுதி வைரம். பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதி வெளிறு. வெளிறு தேக்காயினும் பூச்சிக்கு இரையே. முற்காலத்தில் நூறாண்டு வளர்ந்த பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாக வந்தமையால் பழைய வீட்டுப் பலகைகள் பெரும்பாலும் வைரம் பாய்ந்தவை. இன்று கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் இளந்தோப்புத் தேக்கு. அதில் வெளிறு மிகுதி. ஆகவே, ‘பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாம்’ என்போர், மேலானதைக் கொடுத்துத் தாழ்ந்ததை வாங்கச் சொல்லுகின்றனர். கழற்றிய பழம்பலகை குப்பைக்குப் போவதில்லை, பழைய மரக்கடைக்குப் போய் நல்ல விலைக்கு விற்கப்படுகிறது என்பதையும் இல்லத்தார் நினைவிற்கொள்க.

முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க

தளம் தானாகக் கெடுவதில்லை. கெடுப்பன பெரும்பாலும் மூன்று: நீர், கறையான், உளு. இவற்றுள் நீரே தலையாயது. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சணம், மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் குறைந்திருக்கும்வரை வளராது. ஆதலின் உலர்ந்த மரம் மக்குவதில்லை என்பது உறுதி. எங்கேனும் பலகை மக்கியிருப்பின் அங்கே நீர் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இரயில்வேயில் பணிபுரிவோர் இதனை நாள்தோறும் காண்கின்றனர். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியபோது கட்டிய எஃகுப் பெட்டிகளின் தரையில், எஃகுத் தகட்டின்மேல் அழுத்திய மரப்பலகை பரப்பப்பட்டது. 2018-ஆம் ஆண்டு வரை அவ்வமைப்புப் பெட்டிகள் கட்டப்பட்டு வந்தன. அவை பழுதுபார்ப்புக்கு வரும்போது துரு மிகுதியாகக் காணும் இடம் நடுக்கூடம் அன்று. கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் அமைந்த வாயிலோரமே. பணிமனையில் பெட்டி முழுவதையும் எறிந்துவிடுவதில்லை. அரித்த பகுதியை அளந்து வெட்டி, அதே கனத் தகட்டை இணைத்து, நீர் வடியும் வழியைச் செவ்வைப்படுத்தி அனுப்புகின்றனர். ஆயிரக்கணக்கான மக்களைச் சுமந்து ஓடும் வண்டிக்குப் பொருந்தும் முறை நம் வீட்டு அறைக்கும் பொருந்தும்.

எனவே கூரை ஓட்டை, குழாய்க் கசிவு, சன்னல்வழிச் சாரல், பூந்தொட்டியின் அடி, குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஆகியவற்றை முதலில் ஆராய்க. தரைத்தள வீடாயின், பலகைக்கு அடியில் காற்றோடுவதற்கென விட்ட துளைகளை யாரேனும் சிமெண்டு பூசி அடைத்துள்ளனரா என்று பார்க்க. காரணத்தை நீக்காமல் பலகையை மாற்றுவோர் அடுத்த மழையில் மீண்டும் மாற்ற நேரிடும்.

அதன்பின் உலர விடுக. ஈரத்தால் பலகையின் ஓரங்கள் உயர்ந்து நடு குழிந்திருப்பின், அந்நிலையிலேயே இழைத்துச் சமன்செய்யலாகாது. உலர்ந்தபின் பலகை பழைய வடிவுக்குத் திரும்பும்போது இழைத்த ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். டொராண்டோ அன்பருக்கு இது முதன்மையான அறிவுரை: குழாயைச் சரிசெய்து, காற்றாடியும் ஈரம் உறிஞ்சும் பொறியும் வைத்துச் சில வாரங்கள் காத்திருங்கள். தூக்கிய பலகைகளுள் சில தாமாகவே படிந்துவிடக்கூடும். ஈரம் அளக்கும் சிறு கருவி அங்கே எளிதில் கிடைக்கும். பலகைக்கும் அதன் அடித்தளத்துக்கும் ஈரத்தில் 4 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இல்லாத நிலை வந்த பின்னரே வேலையைத் தொடங்குக. பலகைகள் 3 அங்குலத்துக்கு மேல் அகலமாயின் வேறுபாடு 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது.

எவ்வளவு கெட்டது?

கூரிய குத்தூசி ஒன்றை எடுத்து, கெட்ட இடத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கிக் கைப்பிடி தூரத்துக்கொரு முறை குத்திப் பார்க்க. நல்ல மரத்தில் ஊசி சிறிதே இறங்கி எதிர்த்து நிற்கும். மக்கிய மரத்தில் எளிதாகப் புகும். பின்னர்க் கொட்டாப்புளியின் பிடியால் தட்டிக் கேட்க. நலமுள்ள மரம் ‘ணங்’ என்னும். பொள்ளல் ‘பொத்’ என்னும். எல்லையைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்க. நன்மரம் என்று கண்ட இடத்திலிருந்து இன்னும் ஒருசாண் தள்ளிக் குறிப்பது பாதுகாப்பு. பூஞ்சணத்தின் இழை கண்ணுக்குத் தெரியாமல் சற்று ஓடியிருக்கும்.

மாடித்தளமாயின், இச்சோதனை முடியும்வரை அறையில் எவரையும் நடமாட விடலாகாது. சிறுவர் புகாதவாறு கதவைப் பூட்டிவிடுக. பலகையைவிட, அதனைக் கீழிருந்து தாங்கும் சட்டங்களும் அச்சட்டங்களைத் தாங்கும் உத்திரமுமே முக்கியம். சட்டத்தின் முனை சுவருக்குள் புகும் இடத்தில்தான் ஈரம் மறைந்திருந்து அரிக்கும். கீழறையிலிருந்து ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு முனையையும் குத்திப் பார்க்க. அம்மையாரின் வீட்டில் பெரியவர் ஒருவரைக் கொண்டு இவ்வாறு பார்த்ததில், பலகை ஆறும் சட்டத்தின் முனை ஒன்றுமே கெட்டிருக்கக் கண்டனர். எஞ்சிய தளம் முழுதும் வைரம் குன்றாதிருந்தது.

மரத்தளத்தைப் பெயர்த்துவிட்டு அங்கே கான்கிரீட்டு இடும் யோசனையைப் பற்றி ஒரு கணக்கு. ஓர் அங்குலத் தேக்குப் பலகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ளது. நான்கங்குலக் கான்கிரீட்டோ அதே பரப்புக்கு ஏறத்தாழ 240 கிலோ. பதினைந்து மடங்குச் சுமையைப் பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் ஏற்றுவதற்கு முன் தகுதியுள்ள பொறியாளர் ஒருவரை அழைத்து அச்சுவரைக் காட்டுதல் கட்டாயம். ஒப்பந்தக்காரரின் வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது.

வெட்டி எடுக்கும் முறை

முதலில் மின்சாரத்தை நிறுத்துக. பலகைக்கடியில் கம்பியோ குழாயோ ஓடலாம். பழைய வண்ணப்பூச்சு இருப்பின் அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலரச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டி, தூளைத் துணியால் ஒற்றியெடுத்து, குழந்தைகளை அகற்றி வைக்க.

பெரும்பாலான மரத்தளங்களில் ஒரு பலகையின் ஓரத்திலுள்ள நாக்கு அடுத்த பலகையின் காடியில் புகுந்திருக்கும். ஆகவே ஒரு பலகையை நேரே நெம்பினால் பக்கத்துப் பலகையின் காடி உடையும். செய்ய வேண்டுவது இது: கெட்ட பலகையின் நடுவே நீளவாக்கில் இரண்டு கோடுகள் கீறி, வாளின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்குச் சரியாக வைத்து, அக்கோடுகளில் அறுக்க. நடுத்துண்டை முதலில் எடுத்துவிட்டால், இருபுறமும் எஞ்சிய கீற்றுகளை உட்பக்கமாக இழுத்துச் சேதமின்றிக் கழற்றலாம். குறுக்கே வெட்ட வேண்டிய முனையில் முதலில் துளைகள் இட்டு, பின்னர்க் கூரிய உளியால் நேராகச் செதுக்குக. அம்முனை தாங்குசட்டத்தின் நடுவில் அமைதல் நலம். இல்லையேல் புதுப்பலகையின் நுனி அந்தரத்தில் தொங்கும்.

இன்னொன்று: பல பலகைகளை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேர்க்கோட்டில் வெட்டலாகாது. செங்கல் அடுக்கில் மூட்டு மாறி மாறி வருவதுபோல், ஒரு பலகையின் முனையும் அடுத்ததன் முனையும் தள்ளித் தள்ளி வரவேண்டும். நேர்க்கோட்டில் வெட்டினால் சதுர ஒட்டுப்போல் என்றும் கண்ணை உறுத்தும், வலுவும் குறையும்.

பலகையை எடுத்தபின் அடியிலுள்ள சட்டத்தைப் பார்க்க. சிறிது கெட்டிருப்பின், கெட்டதைச் செதுக்கி நீக்கி, அதே அளவுள்ள புதிய சட்டத்தைப் பக்கத்தில் சேர்த்து, நன்மரம் உள்ள தூரம்வரை நீட்டி, மரையாணியால் இறுக்குக. திறந்த மரத்துக்கெல்லாம் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை இருமுறை தூரிகையால் பூசுதல் பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் தடை. குப்பை, பழைய ஆணி, எலிக்கூடு ஆகியவற்றை இச்சமயத்தில் துப்புரவாக அகற்றிவிடுக.

புதுப்பலகை தேர்தல்

மரம் அதே இனமாக இருத்தல் வேண்டும். கனம் மயிரிழையும் மாறலாகாது. இழையோட்டமும் ஒத்திருத்தல் நலம். தேக்குக்குப் பழைய கதவு, நிலை, கட்டில் ஆகியவை விற்கும் கடைகளில் தேடுக. அங்கே வாங்கும் மரத்தில் மறைந்த ஆணி இருக்கும். வாள் வைக்குமுன் காந்தத்தால் தடவிப் பார்க்க.

இதனினும் எளிய உபாயம் ஒன்றுண்டு. அதே தளத்தில், பெரிய அலமாரியின் கீழும் மூலைப் பெட்டியின் கீழும் கண்ணுக்குப் படாத பலகைகள் இருக்குமல்லவா? அவற்றுள் வேண்டிய சிலவற்றைக் கழற்றிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பொருத்திவிட்டு, மறைவிடத்தில் புதுப்பலகையை வைக்க. வயதும் வண்ணமும் தாமே ஒத்துவிடும். நம் பெரியவர் இதனை ‘உள்வீட்டுக் கடன்’ என்பார்.

ஓக் தளமுடைய அன்பர், தம்முடையது சிவப்பு ஓக்கா வெள்ளை ஓக்கா என்று முதலில் அறிதல் வேண்டும். கழற்றிய சிறு துண்டின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையில் ஊதினால், சிவப்பு ஓக்கில் குமிழிகள் எழும். வெள்ளை ஓக்கில் நுண்குழல்கள் அடைபட்டிருப்பதால் எழா. மதுப்பீப்பாய்கள் வெள்ளை ஓக்கில் செய்யப்படுவது இதனால்தான்.

புதுப்பலகையைக் கொண்டுவந்த அன்றே பொருத்தலாகாது. எந்த அறையில் இடப்போகிறோமோ அதே அறையில் காற்றுப் புகுமாறு அடுக்கி, இரண்டு வாரமேனும் வைத்திருக்க. அறையின் ஈரத்துக்கு அது பழக வேண்டும்.

பொருத்துதலும் மெருகும்

பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக நாக்கைக் காடியில் புகுத்தி, மரத்துண்டு ஒன்றை இடைவைத்துத் தட்டிச் சேர்க்க. பலகையை நேரே அடித்தால் நாக்கு நசுங்கும். கடைசிப் பலகையை மட்டும் இவ்வாறு நுழைக்க முடியாது. அதற்கு அதன் காடியின் கீழுதட்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, நாக்கை ஒருபுறம் நுழைத்து, மறுபுறத்தை மேலிருந்து படிய வைக்க வேண்டும். அதன் அடியில் பசை தடவி, ஒரு நாள் முழுதும் மேலே கனமேற்றி வைக்க. ஆணி அடிக்க நேர்ந்தால் முதலில் சிறு துளையிட்டு அடிக்க, வைரமரம் பிளந்துவிடும்.

பின்னர் உப்புத்தாளால் இழையோட்டத்தின் வழியே தேய்த்துப் பக்கப் பலகைகளோடு சமன்செய்க. குறுக்கே தேய்த்தால் கீறல் நிலைத்துவிடும். புதுத்தேக்கு முதலில் திட்டுத்திட்டாகவும் வெளிறியும் தோன்றும். வெயிலும் காற்றும் படப்படப் பொன்னிறம் கொண்டு பழையதோடு இணையும். ஆதலின் உடனே கருவண்ணம் ஏற்ற அவசரப்படற்க. பதறாத காரியம் சிதறாது.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை: எண்ணெய் தோய்ந்த கந்தைத் துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அவை தாமே சூடேறித் தீப்பற்றும். இது கட்டுக்கதை அன்று. துணிகளை விரித்து வெளியே உலர்த்துக. அல்லது நீரில் மூழ்கவைத்து மூடியுள்ள தகரக் கலத்தில் இடுக.

சிறு பழுதுகளுக்கு

பலகையை மாற்றவே வேண்டாத பழுதுகளும் பல. கனமான பொருள் விழுந்து அழுந்திய குழியாயின், மெருகைச் சுரண்டிவிட்டு, ஈரத்துணியை அதன்மேல் விரித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியைச் சிறிது நேரம் வைக்க. நீராவி ஏறி, நசுங்கிய இழைகள் நிமிர்ந்து குழி எழும். இழை அறுந்த வெட்டுக்காயமாயின் இது பலியாது. அங்கே நீண்ட வைர வடிவில் சிறு ஒட்டுத்துண்டு பதிக்க வேண்டும்.

நடக்கும்போது கிரீச்சென்னும் ஓசை, பலகையோடு பலகையோ ஆணியோடு பலகையோ உராய்வதால் வருவது. முகப்பூச்சு மாவை இடுக்கில் தூவினால் சில நாள் அடங்கும். மரையாணியால் சட்டத்தோடு இறுக்கினால் நிலையாக அடங்கும். ஈரமும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய கருங்கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் வெளுக்கச் செய்யும். அது நஞ்சு, கையுறை அணிந்து பயன்படுத்தி, பிள்ளைகள் எட்டாவிடத்தில் வைக்க.

குளிர்நாட்டு அன்பர்கள் ஒன்று அறிக. பனிக்காலத்தில் வெப்பமூட்டும் பொறியால் வீட்டுக்காற்று வறண்டு, பலகைகளுக்கிடையே இடுக்கு தோன்றும். அதைப் பழுதென்று எண்ணி மக்கு அடைத்துவிட்டால், கோடையில் பலகை விரிய இடமின்றி மேலெழும். இளவேனிலில் இடுக்குத் தானே மூடிக்கொள்ளும்.

நம் வீட்டு வழக்கங்கள்

நிற்க. தாய்மார்களுக்கு ஒரு சொல். தரையென்றால் வாளி நீரூற்றிக் கழுவித் தள்ளுவதே தூய்மை என்று நாம் பழகியவர்கள். கல்தளத்துக்கும் சிமெண்டுத் தளத்துக்கும் அது மிக நன்று. மரத்தளத்துக்கு அது மெல்லக் கொல்லும் நஞ்சு. நாள்தோறும் மென்மையான துடைப்பத்தால் பெருக்கி, வாரம் ஒருமுறை நன்கு பிழிந்த துணியால் ஒற்றித் துடைத்து, உடனே உலர்துணியால் துடைத்தால் போதும். மாவரைக்கும் பொறியைப் பலகைமேல் நேராக வைக்காமல், தடித்த இரப்பர் விரிப்பின்மேல் வைக்க. பூசை அறையில் குத்துவிளக்கின் அடியில் பித்தளைத் தாம்பாளமோ கற்பலகையோ இருத்தல் எண்ணெய்க் கறைக்கும் தீக்கும் காப்பு. கோலத்தை அகலமான மணைப்பலகையில் இட்டுப் பயன்படுத்தலாம். மஞ்சட்கறை பட்டுவிட்டால் கலங்க வேண்டா. வெயிலொளி படும் இடமாயின் சில நாளில் தானே மங்கும். செருப்பை வாயிலில் கழற்றும் நம் வழக்கமோ மரத்தளத்துக்குப் பெருநன்மை. காலணியின் மணலே மெருகைத் தேய்க்கும் அரம்.

எப்போது முழுதும் மாற்ற வேண்டும்?

ஒட்டுப் போடுவதிலும் வரம்புண்டு. தாங்குசட்டங்களுள் பாதிக்குமேல் இற்றிருந்தாலும், கறையான் உத்திரத்துக்குள் புகுந்திருந்தாலும், பன்முறை இழைத்துப் பலகையின் காடிக்கு மேலுள்ள மரம் தாள்போல் மெலிந்திருந்தாலும் முழுதும் மாற்றுவதே அறிவுடைமை. ஒட்டுப்பலகையின்மேல் மெல்லிய நன்மரத்தாள் ஒட்டிய தளங்கள் இக்காலத்தில் மிகுதி. அவற்றை ஓரிரு முறைக்குமேல் இழைக்க இயலாது. எதை வாங்கினோம் என்பதை வாங்கும்போதே எழுதி வைத்துக்கொள்க.

ஏனையோர் யாவரும், ‘முழுதும் மாற்றுக’ என்று கூறுபவரிடம் மூன்று கேள்விகள் கேட்க: ‘இது கெட்டதற்குக் காரணம் என்ன? எத்தனை பலகை கெட்டுள்ளது? தாங்குசட்டத்தைப் பார்த்தீரா?’ மூன்றுக்கும் தளத்தைத் தொட்டுக்காட்டி விடை கூறுபவரிடம் வேலையை ஒப்படைக்க. விடை கூறாது விலை கூறுபவரை வணக்கம் சொல்லி அனுப்பிவிடுக. நம் ஊர்களில் உளியும் இழைப்புளியும் வைத்துக்கொண்டு வேலையின்றி இருக்கும் தச்சர் பலர்; மாரிக்குப்பம் வண்டியேறி நாள்தோறும் பெங்களூர் சென்று கூலிவேலை தேடுவோருள்ளும் மரவேலை அறிந்தவர் உண்டு. ஆறு பலகை மாற்றும் பணி அவர்களுக்கு இரண்டு நாள் உணவு. உங்களுக்கோ பெருஞ்செலவு மிச்சம்.

அடுத்த திங்கள், மழை தொடங்குமுன் ஓட்டுக்கூரையைச் சோதித்து ஒழுக்கை அடைக்கும் முறைபற்றி எழுதுவேன். அதுபற்றிய ஐயங்களை அன்பர்கள் இம்மாத இறுதிக்குள் சங்க முகவரிக்கு எழுதியனுப்ப வேண்டுகிறேன்.